மஞ்சள் பலகையும் சாம்பல் எழுத்தும்

ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் வயதைத்தான் முதலில் சொல்வார்கள். 1856 ஜூலை 1-ம் தேதி அங்கிருந்து வாலாஜா ரோடுக்குப் பயணிகள் ரயில் புறப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அப்புறம் பழைய கட்டடத்தின் தூண்களுக்குப் போய்விடுவார்கள். பிளாட்பாரத்தின் கோடியில் நிற்கிற பெயர்ப்பலகையை யாரும் பாராட்டி நான் பார்த்ததில்லை.

மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று எந்த ஸ்டேஷனிலும் அதே ஜோடி. இதைவிட ரசனை இல்லாத ஒரு நிறச் சேர்க்கையை ஜவுளிக்கடையில் காட்டினால், 'வேற இருக்காப்பா?' என்றுதான் கேட்பீர்கள். ஆனால், ஓடும் ரயிலில், கூட்டத்தில், அடுத்தவர் தோளுக்கு மேலே எம்பி, ஜன்னல் கம்பிக்கு நடுவே அரை விநாடி பார்த்தாலும் ஊர்ப் பெயர் தெரிந்துவிடுகிறது. படிக்கப்படுவதற்காக எழுதிய எழுத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்த வாரம் எழுத்தின் நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். சுவரில், கப்பலில், லாரியில், கடைசியாக உங்கள் கைபேசியில் திறக்கிற இணையப் பக்கத்தில். வடசென்னையை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே உள்ள பதினைந்து கிலோமீட்டருக்குள் நல்ல உதாரணம், கெட்ட உதாரணம் இரண்டும் தாராளமாகக் கிடைக்கின்றன. தவிர, எழுத்து தெரியாமல் போனால் உயிருக்கே ஆபத்து வரக்கூடிய இடம் அது.

முதலில் ஒரு பழைய கதை. 1952 ஆகஸ்டில் பெரியார் அறிவித்த போராட்டத்தில் ரயில் நிலையப் பலகைகளில் இருந்த இந்தி எழுத்துகளைத் தார் பூசி அழித்தார்கள். அதன் அரசியல் இருக்கட்டும், தொழில்நுட்பத்தைக் கவனியுங்கள். எழுத்தைச் சுரண்டவில்லை. பலகையைப் பெயர்க்கவில்லை. எழுத்து அங்கேயேதான் இருந்தது. அதற்கும் அதன் பின்னணிக்கும் இருந்த வித்தியாசத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஓர் எழுத்தைக் கொல்வதற்கு அது போதும். அன்றைக்குத் தார்ச்சட்டி எடுத்துக்கொண்டு போனவர்கள் தெரிந்தே செய்ததை, இன்றைக்கு டிசைனர்கள் தெரியாமல் செய்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

*

'இந்த ரெண்டு கலரும் சண்டை போடுது சார்' என்று சொல்வது வழக்கம். கறுப்பும் மஞ்சளும் சண்டை போடுகின்றன. ஆனால், படிக்க முடிகிறது. வெளிர்சாம்பலும் வெள்ளையும் சமாதானமாக இருக்கின்றன, படிக்க முடியவில்லை. ஆகவே, பிரச்னை சண்டையில் இல்லை.

நம் கண் எழுத்தின் விளிம்பைப் பிரித்துப் பார்ப்பது பெரும்பாலும் வெளிச்ச வித்தியாசத்தை வைத்துத்தான். நிறம் அதற்கு அப்புறம்தான். ஒரு திரையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் முழுசாக எரியவிட்டால் வெள்ளை. அந்த வெள்ளையின் வெளிச்சம் 100 என்றால், அதில் பச்சையின் பங்கு சுமார் 72, சிவப்பு 21, நீலம் வெறும் 7. பச்சையும் சிவப்பும் சேர்ந்ததுதான் திரையில் மஞ்சள். அப்படியென்றால் மஞ்சளின் வெளிச்சம் 93. கறுப்பு பூஜ்யம். ரயில்வே பலகையின் ரகசியம் இந்தக் கூட்டல் கணக்கில் அடக்கம்.

இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008-ல் இதை ஒரு விகிதமாகவே சொல்லிவிட்டது. எழுத்து, பின்னணி இரண்டின் வெளிச்சத்தோடும் சின்னதாக 5-ஐக் கூட்டிக்கொண்டு, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். சாதாரண அளவு எழுத்துக்கு விடை குறைந்தது 4.5 வர வேண்டும். பெரிய எழுத்துக்கு 3 போதும். வெள்ளையில் கறுப்பு 21. மஞ்சளில் கறுப்பு 19.6. வெள்ளையில் மஞ்சள் 1.07, அதாவது கிட்டத்தட்ட தார் பூசின மாதிரி. பச்சையில் சிவப்பு 2.9. நீலத்தில் சிவப்பு 2.15.

பெயின்ட்டில் இந்த எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே மாறும். வரிசை பெரும்பாலும் மாறாது.

நீலத்தில் சிவப்பு என்பது தனி ரகம். கண்ணின் லென்ஸ் சிவப்பைக் குறைவாகவும் நீலத்தை அதிகமாகவும் வளைக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் கூர்மையாகப் பார்க்க முடியாது. பலருக்குச் சிவப்பு முன்னால் மிதப்பது போலவும் நீலம் பின்னால் போய்விட்டது போலவும் தெரியும். ஐந்து வார்த்தை படிப்பதற்குள் கண் கூசும். 'பளிச்சுனு இருக்கணும்' என்று கேட்டு வாங்குகிற ஜோடி இதுதான். பளிச்சென்றுதான் இருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

*

ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்னால் போர்டு எழுதிய பெயின்டர்களுக்கு இந்த லென்ஸ் விஷயத்தை யாரும் வகுப்பு எடுக்கவில்லை. ஆனால், நீலச் சுவரில் சிவப்பில் எழுதச் சொன்னால், எழுத்தைச் சுற்றி வெள்ளையில் ஒரு கோடு இழுப்பார்கள். ஒரு பக்கமாக நிழல் கொடுப்பார்கள். அலங்காரம் என்று நாம் நினைத்தோம். சண்டைக்காரர்களுக்கு நடுவே ஓர் ஆளை நிறுத்தி வைக்கிற வேலை அது. சிவப்புக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் உண்டு, வெள்ளைக்கும் நீலத்துக்கும் உண்டு, எழுத்து பிழைத்துக்கொள்ளும்.

இரண்டாயிரங்களில் ஃபிளெக்ஸ் பரவியபோது அந்தத் தூரிகைகளுக்கு வேலை போயிற்று. கம்ப்யூட்டரில் கோடிக்கணக்கான நிறங்கள். வெள்ளைக்கோடு போட ஒரு பட்டன்தான். ஆனால், எதற்கு என்று தெரிந்த கை இல்லை. வானவில்லின் ஏழு நிறமும் பின்னணியில் ஓட, அதன்மேல் பெயர்கள் மஞ்சளில் தொடங்கிப் பச்சைக்குப் போகின்றன. பின்னணியும் மஞ்சளிலிருந்து பச்சைக்குப் போகிறது. காதணி விழாவா, கண்ணீர் அஞ்சலியா என்று போட்டோவைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கட்சிக்காரர்களுக்கு இதில் ஒரு நியாயம் இருக்கிறது. 'நம்ம கொடி கலர் வரணும் தம்பி' என்பார்கள். வரட்டும். கொடி என்பது அடையாளம் காண்பதற்கு; யாரும் கொடியைப் படிப்பதில்லை. பலகை என்பது படிப்பதற்கு. அடையாளத்துக்குத் தேர்ந்தெடுத்த நிறங்களை எழுத்துக்கும் போட்டால்தான் சிக்கல். கடைக்காரர், கல்லூரி முதலாளி, வங்கி, அரசுத்துறை எல்லோரும் செய்கிற தப்பு இது ஒன்றுதான். தங்களைக் காட்டிக்கொள்ள வேண்டிய இடத்தையும், நமக்கு ஏதாவது சொல்ல வேண்டிய இடத்தையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. வெயிலில் ஃபிளெக்ஸின் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும். கறுப்பும் நீலமும் கடைசிவரை நிற்கும். 'அபாயம்' என்ற வார்த்தையை நாம் எந்த நிறத்தில் எழுதுகிறோம்? எண்ணூர் வெயிலிலும் உப்புக்காற்றிலும் இரண்டு கோடை தாங்கிய எச்சரிக்கைப் பலகையைக் கற்பனை செய்துபாருங்கள். நிறுவனத்தின் நீல முத்திரை அப்படியே இருக்கும். அபாயம் மட்டும் போயிருக்கும்.

*

நிறத்தை நம்பக் கூடாது என்று கப்பல்காரர்களுக்கு எப்போதோ தெரியும். சென்னைத் துறைமுகத்திலோ, எண்ணூரில் 2001-ல் தொடங்கி இப்போது காமராஜர் துறைமுகம் எனப்படுகிற துறைமுகத்திலோ உள்ளே வருகிற கப்பலுக்குப் பாதை காட்ட மிதவைகள் உண்டு. கடலிலிருந்து வரும்போது இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. (அமெரிக்காவில் இது தலைகீழ். 1980-ல் உலகம் கூடிப் பேசியும் ஒன்றாக்க முடியாமல், உலகத்தை இரண்டு மண்டலமாகப் பிரித்துக்கொண்டார்கள். நாம் முதல் மண்டலம்.)

விஷயம் நிறத்தில் முடிந்துவிடவில்லை. சிவப்பு மிதவையின் வடிவம் டப்பா மாதிரி. பச்சையின் வடிவம் கூம்பு. ஏன்? மாலை மங்கலில், மழையில், எதிர்வெயிலில் சிவப்பும் பச்சையும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். அப்போது வடிவம் பேசும். இன்னொரு காரணம், சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் உலகத்தில் கணிசம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் பன்னிரண்டில் ஒருவருக்கு அந்தக் குறை உண்டு. நம் பக்கம் சதவிகிதம் குறைவு. ஆனால், நம் மக்கள்தொகைக்குக் குறைவான சதவிகிதமும் பெரிய கூட்டம்தான். குறை எக்ஸ் குரோமோசோமில் வருவதால் பெண்களில் அபூர்வம்.

மாலுமிக்கும் ரயில் டிரைவருக்கும் நிறப்பார்வை சோதித்துத்தான் வேலை கொடுக்கிறார்கள். அப்படிச் சோதித்துத் தேர்ந்தெடுத்த ஆளுக்கே நிறத்தோடு வடிவத்தையும் சேர்த்துக் கொடுக்கிறது துறைமுகம். எந்தச் சோதனையும் இல்லாமல் வருகிற பொதுஜனத்துக்கு நம் இணையப் படிவங்கள் என்ன சொல்கின்றன? 'சிவப்பில் உள்ளவற்றைக் கட்டாயம் நிரப்பவும். பச்சையில் உள்ளவை விருப்பத்துக்கு.' ஒரு நட்சத்திரக் குறி போட்டிருந்தால் முடிந்திருக்கும்.

லாரிக்கு வருவோம். மணலி, எண்ணூர்ப் பக்கம் ஓடுகிற டேங்கர்களின் பின்னால் சாய்சதுரமாக ஒரு முத்திரையும், நாலு இலக்க எண்ணும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1989-ம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது கட்டாயம். எண் உலகத்துக்கே பொது. 1203 என்றால் பெட்ரோல். 1005 என்றால் அம்மோனியா. லாரி கவிழ்ந்தால், தீயணைப்புப் படை தூரத்தில் நின்று அந்த எண்ணைப் படித்து, தண்ணீர் அடிக்கலாமா, நுரை அடிக்கலாமா, இல்லை ஊரைக் காலி பண்ணுவதா என்று முடிவு செய்யும். அந்த நாலு இலக்கத்தின்மேல் சேறும் டீசல் புகையும் படிந்து சாம்பலில் சாம்பலாக நிற்கும்போது, சட்டம் கடைப்பிடிக்கப்பட்டிருக்கிறது. தகவல் போய்ச் சேரவில்லை.

2023 டிசம்பர் 26-ம் தேதி நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் நடந்தது நினைவிருக்கும். கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். பலர் மூச்சுத்திணறி மருத்துவமனைக்குப் போனார்கள். அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய்க் கழிவு வந்து எண்ணூர் முகத்துவாரத்தைக் கறுப்பாக்கியிருந்தது.

அந்த இரவில் அவர்களை எச்சரித்தது பலகை அல்ல, மூக்கு. ஆனால், மூக்கு 'ஓடு' என்று மட்டும்தான் சொல்லும். எந்தப் பக்கம் என்று சொல்லாது. காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும், ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே படித்துத் தெரிந்திருக்க வேண்டிய சேதி. நாலே வரி. அதைக் குப்பத்தின் ஒவ்வொரு தெருமுனையிலும், தமிழில், மஞ்சளில் கறுப்பாக, ஸ்டேஷன் பெயர் அளவுக்கு எழுதி வைக்க என்ன செலவாகும்? ரயில் எந்த ஊரில் நிற்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரிந்த நாட்டுக்கு, விஷவாயு வந்தால் எந்தப் பக்கம் போவது என்பதையும் அதே தெளிவோடு சொல்லத் தெரிய வேண்டும்.

*

நிறமே இல்லாமல் ஆயிரம் வருடம் படிக்கப்பட்ட எழுத்தும் இதே வட்டாரத்தில் இருக்கிறது. திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில், ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எழுப்பிய வளைந்த முதுகுள்ள கருவறை. கோயிலில் பல்லவர், ராஷ்டிரகூடர், சோழர் என்று பல ராஜ்யங்களின் கல்வெட்டுகள். கல்லும் ஒரே நிறம், எழுத்தும் ஒரே நிறம். வெட்டிய பள்ளத்தில் விழுகிற நிழல்தான் மை. சாய்வாக வெளிச்சம் விழும்போது எழுத்து எழுந்து நிற்கும், உச்சிவெயிலில் படுத்துக்கொள்ளும். கல்வெட்டு ஆய்வாளர்கள் கல்லின்மேல் ஈரத்தாளை ஒட்டித் தட்டி, மை ஒற்றிப் படியெடுப்பார்கள். 'மைப்படி' என்று பெயர். கறுப்பில் வெள்ளையாக எழுத்து வந்துவிடும். கல்லில் இல்லாத வித்தியாசத்தைக் காகிதத்தில் உண்டாக்குகிற வேலை.

தமிழ் எழுத்துக்கு இந்த வித்தியாசம் ஆங்கிலத்தைவிட அதிகம் தேவை என்று எனக்கு ஒரு கட்சி. நம் எழுத்தில் அர்த்தத்தைச் சுமப்பது சின்னச் சின்ன உறுப்புகள். ஒரு புள்ளி, ஒரு சுழி. 'கெடு'வுக்கும் 'கேடு'க்கும் நடுவே இருப்பது கொம்பின் உச்சியில் ஒரு சுழிப்பு. பழைய ஏட்டிலும் கல்லிலும் புள்ளியைப் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். நெடிலுக்கு இரட்டைச் சுழி தந்தது வீரமாமுனிவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு பாதிரியார் கஷ்டப்பட்டுக் கொடுத்த சுழியை, இருபத்தோராம் நூற்றாண்டில் ஒரு வெளிர்சாம்பல் நிறம் சத்தமில்லாமல் பிடுங்கிக்கொள்கிறது. மங்கலான சின்ன எழுத்தில் 'கட்டணம் செலுத்தக் கெடு' என்றிருப்பதை ஒரு பெரியவர் 'கேடு' என்று படித்தால், அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். சில சமயம் அதுதான் சரியான பாடமும்கூட.

*

இப்போது இணையம். தொண்ணூறுகளின் கடைசியிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் வந்த பக்கங்கள் ஞாபகம் இருக்கிறதா? எழுத்துருவை இறக்கிக்கொள்ளாவிட்டால் தமிழுக்குப் பதில் பூச்சி பூச்சியாக வரும். இறக்கிக்கொண்டால் கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, மேலே பச்சையில் ஒரு வரி வலமிருந்து இடம் ஓடும். 'புதியது!' என்று ஒரு வார்த்தை சிவப்பில் கண்சிமிட்டும். அந்தச் சிமிட்டலுக்கான கட்டளையை நெட்ஸ்கேப் கொண்டுவந்தது. 2013-ல் ஃபயர்ஃபாக்ஸும் கைவிட்ட பிறகு நிம்மதி.

அந்தக் கண்ராவியை எல்லோரும் கேலி செய்தோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் கறுப்பில் மஞ்சள் 19.6. அது அசிங்கம், ஆனால், படிக்க முடிந்த அசிங்கம்.

அதற்குப் பிராயச்சித்தமாக வந்ததுதான் இன்றைய 'நீட்'டான டிசைன். நிறைய வெள்ளை இடம், மெலிந்த எழுத்து, அதுவும் சாம்பலில். கறுப்பு முரட்டுத்தனமாம். சாதாரணமாகப் புழங்குகிற ஒரு வெளிர்சாம்பலை வெள்ளையில் வைத்துக் கணக்கிட்டால் 2.85 வருகிறது. பச்சையில் சிவப்பைவிடக் கொஞ்சம் குறைவு! ஒன்றைப் பார்த்தால் கண்ணைப் பொத்திக்கொள்கிறோம். இன்னொன்றுக்கு விருது கொடுக்கிறோம். படிப்பவனுக்கு இரண்டும் ஒன்று.

டிசைனர் இதைப் பார்ப்பது ஏசி அறையில், பெரிய திரையில், இருபத்தைந்து வயதுக் கண்ணால். பயன்படுத்துகிறவர் எங்கே இருக்கிறார்? காசிமேட்டில் ஏலம் முடிந்து, உச்சிவெயிலில், கீறல் விழுந்த கண்ணாடியுள்ள கைபேசியில், அடுத்த மூன்று நாளைக்குக் காற்று எப்படி என்று பார்க்கிறார். அந்த விகிதத்தில் சின்னதாக 5 கூட்டினார்கள் என்றேன் அல்லவா? அது திரையில் பட்டுத் தெறிக்கிற அறை வெளிச்சத்துக்கான கணக்கு. கடற்கரை வெயிலில் அது 5-ல் நிற்காது. திரையின் வெள்ளைக்குச் சமமாக 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையில் கறுப்புக்கு 21-ஆக இருந்த விகிதம் 2-க்கு இறங்கிவிடும். அந்தச் சாம்பல் எழுத்தின் 2.85 சுமார் 1.5 ஆகிவிடும். கறுப்பு எழுத்தைக் கையால் மறைத்து, நெற்றியைச் சுருக்கியாவது படித்துவிடலாம். சாம்பல் எழுத்து இருப்பதே தெரியாது.

வயதும் சேர்ந்துகொள்ளும். அறுபது வயதில் கண்ணின் லென்ஸ் பழுத்து, பாப்பாவும் சுருங்கி, விழித்திரைக்குப் போய்ச் சேருகிற வெளிச்சம் இருபது வயதில் போனதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான். முதியோர் பென்ஷன் பக்கத்தைப் படிக்கிறவர் யார் என்று அதை வடிவமைக்கிறவர் ஒரு நிமிஷம் யோசித்தால் போதும்.

சட்டம் இல்லாமல் இல்லை. அரசாங்க இணையதளங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2009-லேயே வழிகாட்டி வெளியிட்டது. மூன்றாவது பதிப்பு 2023-ல் வந்தது. 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுக முடிவது வாழ்வுரிமையின் பகுதி என்றே தீர்ப்பு சொன்னது. அரசியல் சாசனத்தின் 21-வது ஷரத்து! ஆசிட் வீச்சில் பார்வை பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் வங்கியின் ஆன்லைன் அடையாளச் சோதனையில் படுகிற பாட்டைப் பற்றிய வழக்கு அது. அவர்களுக்காகப் போட்ட பாலத்தில் வெயிலில் நிற்கிற மீனவரும், கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த தாத்தாவும் நடக்கலாம். மாடிப்படிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலிக்காகப் போட்ட சரிவில் தண்ணீர் கேன் வண்டி ஏறுவது மாதிரி.

*

'எல்லாத்தையும் ரயில்வே போர்டு மாதிரி ஆக்கிட்டா, ஊர் எப்படி சார் இருக்கும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வடசென்னையின் நிறங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரோஸ் வீட்டுக்குப் பச்சை ஜன்னல், அதற்கு ஊதா கிரில். சுவரில் கேரம் போர்டும் குத்துச்சண்டை வீரரும். காசிமேட்டுப் படகுகளின் நீலமும் பச்சையும். (2008 மும்பை தாக்குதலுக்குப் பிறகு, எந்த மாநிலத்துப் படகு என்று தூரத்திலிருந்தே தெரிவதற்காக மாநிலத்துக்கு ஒரு ஜோடி நிறம் வைத்தார்கள். அங்கேயும் பாருங்கள், நிறம் மாநிலத்தைச் சொல்கிறது. எந்தப் படகு என்பதைப் பதிவெண்தான் சொல்கிறது.) இதையெல்லாம் சாம்பலாக்கச் சொன்னால் நானே சண்டைக்கு வருவேன்.

நிறம் சுவரில் எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடட்டும். எழுத்துக்கு அடியில் மட்டும் கொஞ்சம் அமைதியாக இருக்கட்டும். கச்சேரியில் மிருதங்கம் எவ்வளவு வாசித்தாலும் பாட்டின் சொல் காதில் விழ வேண்டும் என்று கேட்பது மிருதங்கத்துக்கு விரோதம் அல்ல.

உங்கள் கடைக்கு போர்டு எழுதப் போகிறீர்களா, பையனின் கம்பெனிக்கு வெப்சைட்டா, தெருமுனையில் எச்சரிக்கைப் பலகையா? கன்ஸல்டன்ட் வேண்டாம், விகிதக் கணக்கும் வேண்டாம். கைபேசியில் அதை ஒரு படம் எடுத்து, நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். எழுத்து அப்படியே நின்றால் பாஸ். பின்னணியோடு கரைந்தால், ஆயிரம் நிறம் போட்டும் பிரயோஜனம் இல்லை. இதையே இன்னும் கறாராகச் செய்ய வேண்டுமென்றால் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒரு காப்பி எடுக்கச் சொல்லுங்கள். அந்த மெஷினுக்குக் கட்சி தெரியாது, கம்பெனியின் முத்திரை தெரியாது, டிசைனர் வாங்கின விருதும் தெரியாது. ஒரு ரூபாய்க்கு இவ்வளவு நேர்மையான விமரிசகர் வேறு எங்கும் கிடைக்க மாட்டார்.